சல்லடையின் கட்டிலில் பதினோரு தொட்டி

ஓசியில் வருகிற எதையும் வீட்டுக்குள் விடக்கூடாது. அது தனியாக வராது. நாலு பேரைக் கூடவே கூட்டிக்கொண்டுதான் வரும். சல்லடை இதைக் கல்யாணமான நாளிலிருந்து வீட்டுக்காரியிடம் சொல்லி வருகிறார். அவள் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. வாங்கவே இல்லை. அதனால்தான் மேல்மாடிக்காரி ஒரு குரோட்டன் செடியைத் தொட்டியோடு நீட்டியபோது, "அடடா, இலையைப் பாரேன்!" என்று இரண்டு கையாலும் வாங்கி வந்து, ஹால் ஜன்னலோரம் மற்ற தொட்டிகளுக்கு நடுவில் மாப்பிள்ளை மாதிரி உட்கார வைத்தாள்.

பத்து நாளில் குரோட்டனின் இலைக்காம்பிலெல்லாம் பஞ்சு ஒட்டினமாதிரி வெள்ளை. தொட்டால் பிசுபிசுத்தது. உற்றுப் பார்த்தால் பஞ்சு நகர்ந்தது.

"மாவுப்பூச்சி," என்றாள் வீட்டுக்காரி, முகம் சுண்டிப்போய்.

"மேல்மாடிக்காரி ஏன் சும்மா குடுத்தான்னு இப்பப் புரியுதா? செடியைக் குடுக்கலடி, பூச்சியைக் குடுத்தா. செடி, பூச்சி உட்கார்ந்து வர்ற வண்டி."

"போதும், அவளைத் திட்டினா பூச்சி போயிடாது."

போகவில்லை. பக்கத்துத் தொட்டிக்குப் போனது. அங்கிருந்து அதன் பக்கத்துக்கு. ஒரு வாரத்தில் மொத்தம் பதினோரு தொட்டியில் வெள்ளை.

சல்லடையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். அது பட்டன் கம்பெனியில் வைத்த பெயர். முப்பத்தொரு வருஷம் அங்கே அவருக்கு ஒரே வேலை. ரப்பர் பட்டையில் சட்டைப் பட்டன்கள் பொலபொலவென்று ஓடிவரும். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பார். ஓட்டை கோணலானது, ஓரம் உடைந்தது, மற்றதைவிட ஒரு நூல் பெரியது, எதுவானாலும் இடுக்கியால் கவ்வி எடுத்துக் கழிவுத் தட்டில் போடுவார். அவருக்குப் படிப்பு நாலாம் கிளாஸ். அந்த நாலாம் கிளாஸ் படிப்பை வைத்து அவர் கண்டுபிடித்த சூத்திரம் ஒன்றே ஒன்று: கூட்டத்தில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தால், அதுதான் கோளாறு. பட்டனுக்கு மட்டுமல்ல, மனுஷனுக்கும் அவர் இதைத்தான் வைத்திருந்தார். அதனால் அவருக்குச் சிநேகிதர்கள் குறைவு.

நோய் கண்ட செடியைத் தனியாக வைக்க வேண்டும் என்று வீட்டுக்காரிக்கு யாரோ சொன்னார்கள். நியாயம்தான். ஆனால் எங்கே வைப்பது? வீட்டில் ஒரு ஹால், ஒரு சமையல்கட்டு, இரண்டு சின்ன அறை. ஒன்றில் அவள் படுக்கிறாள், மற்றதில் சல்லடை. குறட்டையால் பிரிந்த குடும்பம் அது. மற்றபடி சண்டை ஒன்றுமில்லை. வெயில் வரும் ஜன்னலும், சரியாக மூடும் கதவும் சல்லடையின் அறைக்குத்தான். ஜன்னலுக்கு நேர் கீழே அவர் கட்டில்.

அவர் முடிவெட்டிக்கொண்டு திரும்பி வந்து பார்த்தால், கட்டிலில் மெத்தை இல்லை. பிளாஸ்டிக் விரிப்பு. அதன்மேல் பதினோரு தொட்டி, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியது என்பார்களே, அதை அவர் அன்றைக்கு நேரில் பார்த்தார்.

"நான் எங்கடி படுக்கறது?"

"சோபா இருக்கே."

"அது ரெண்டு பேர் உட்கார்ற சோபா."

"நீங்க ஒருத்தர்தானே."

"எத்தனை நாளைக்கு?"

"ஒரு பூச்சி கூட இல்லைங்கற வரைக்கும். ஒண்ணு இருந்தாலும் மறுபடி பரவிடும். ஆனா சீக்கிரம் போகணும். ஒண்ணாந் தேதி என் தங்கச்சி ஒரு மாசம் தங்க வர்றா. அவளுக்கு சோபாவை விட்டுடணும்."

"உன் ரூம்ல படுக்க வையேன்."

"அவ உங்களுக்கு மேல குறட்டை விடுவா."

"அப்ப நான்?"

வீட்டுக்காரி சமையல்கட்டைக் கண்ணால் காட்டினாள். ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நீளத்துக்கு இடம் இருந்தது. அந்த ஃப்ரிட்ஜ் ஓடும்போது நாலு காலிலும் ஆடும். சமயத்தில் ஒரு அங்குலம் முன்னால் நகர்ந்து நிற்கும். கட்டில் போய், சோபா போய், கடைசியில் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் இன்னொரு ஃப்ரிட்ஜாகப் படுக்க வேண்டும். தேதி எட்டு. மூன்று வாரம் இருந்தது.

சோபாவில் முதல் தூக்கம் தூங்கி எழுந்தபோது சல்லடையின் உடம்பு தொட்டில் மாதிரி வளைந்திருந்தது. நிமிர்த்துவதற்குப் பத்து மணி ஆயிற்று. அன்றைக்கே முடிவு செய்தார்: பூச்சியா நானா.

முதல் வாரம் வீட்டுக்காரியின் வைத்தியம். சோப்புத் தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி அடித்தாள். பூச்சிகள் குளித்து முடித்து முன்னைவிட வெள்ளையாக நின்றன. வேப்பெண்ணெய் அடித்தாள். அறை நாறியது, மூலையில் சாத்தி வைத்திருந்த அவர் மெத்தை நாறியது, பூச்சி நாறியமாதிரி தெரியவில்லை. "அடிக்கற மருந்து ஒண்ணும் வேலைக்காகாது. கையால பொறுக்கணும்," என்றார் சல்லடை. பழைய இடுக்கியையும் லென்ஸையும் பெட்டியிலிருந்து எடுத்தார்.

ஆனால் உள்ளே சும்மா போக விடுவாளா? சட்டையில் பூச்சி ஒட்டிக்கொண்டு ஹாலில் இருக்கும் நல்ல செடிக்கு வந்துவிடுமாம். தன் பழைய நைட்டி ஒன்றை அறை வாசல் ஆணியில் மாட்டினாள். மஞ்சள் நிறத்தில், கை அகலத்துக்குப் பூப் போட்டது.

"உள்ள போறப்ப மேல போட்டுக்குங்க. வர்றப்ப கழட்டி மாட்டிடுங்க. கையைக் கழுவுங்க."

"நான் ஆம்பளைடி."

"பூச்சிக்கு அது தெரியாது."

அந்த ஞாயிற்றுக்கிழமை மகளோடு மாப்பிள்ளை வந்தார். மாப்பிள்ளைக்கு, பொய்ப்பல் செய்யும் கடையில் வேலை. சல்லடையின் வாயில் இருக்கிற மேல்வரிசை அவர் செய்து கொடுத்ததுதான். நன்றாகவே செய்திருந்தார், ஆனால் சல்லடை கோபமாகப் பேசினால் வரிசை கீழே இறங்கி 'டக்' என்று ஒரு சத்தம் வரும். திட்டுக்கு நடுவில் தாளம் போடுகிற பல்லை எவன் நம்புவான்? செய்தவனையும் நம்பமாட்டான்.

"வாங்க மாப்பிள்ளை," என்றார் நைட்டிக்குள் இருந்து.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவர் நல்ல மனுஷன்தான். "மாமா, உங்க மேல பொடி ஈ மொய்க்குதே."

"தொட்டி மண்ணுலேர்ந்து வருது. என்னைச் சுத்தியே வருது, ஏன்னு தெரியல."

"மஞ்சள்னா அதுக்கு உசிரு மாமா. மஞ்சள் அட்டையில பசை தடவி வெச்சா தானா வந்து ஒட்டிக்கும்."

"அப்ப என் மேல பசை தடவலாம்கறீங்களா?"

"ஐயோ, அட்டையில மாமா. அப்புறம் இந்த வெள்ளைப் பூச்சிக்கு, பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டுல நனைச்சுத் தொட்டா செத்துடும்."

"செடிக்குச் சாராயமா? நாளைக்குத் தொட்டுக்க வேற கேக்கும்."

மாப்பிள்ளை விடவில்லை. "இன்னொரு வழி இருக்கு. இந்தப் பூச்சியைத் தின்னறதுக்குன்னே ஒரு வண்டு இருக்கு மாமா. டப்பாவுல வெச்சு விக்கறாங்க. வாங்கி விட்டோம்னா..."

"காசு குடுத்தா?" டக். "வீட்டுல பூச்சி இருக்குன்னு நான் தலையில அடிச்சிக்கறேன், நீங்க இன்னும் பூச்சி வாங்கச் சொல்றீங்க? திருடனைப் புடிக்க இன்னொரு திருடனுக்குச் சாவியைக் குடுப்பாங்களா? அந்த வண்டு இதைத் தின்னு முடிச்சிட்டு எதைத் தின்னும்? என்னையா?" டக். "நான் இருக்கற வரைக்கும் வண்டு இந்த வாசப்படி தாண்டாது."

மாப்பிள்ளை செருப்பைத் தேடினார். மாமனாருக்குப் புத்தி சொல்லி ஜெயித்த மாப்பிள்ளை எங்கேயும் கிடையாது.

இரண்டாவது வாரம் முழுக்கச் சல்லடை பொறுக்கினார். காலையில் மூன்று மணி நேரம், மத்தியானம் இரண்டு மணி நேரம். பொறுக்கப் பொறுக்க வந்தது. பட்டனாவது சாயங்காலம் மணி அடித்தால் பட்டை நின்றுவிடும். இங்கே பட்டை நிற்கவே இல்லை. எல்லாப் பூச்சியும் ஒரே அளவு, ஒரே வெள்ளை, ஒரே சோம்பேறித்தனம். எதைக் கோளாறு என்று எடுப்பது? அத்தனையும் கோளாறாக இருந்ததால் அவர் கண்ணுக்கு அதுவே நல்ல சரக்காகத் தெரிய ஆரம்பித்தது.

அடுத்த ஞாயிறு மாப்பிள்ளை மறுபடி வந்தார். கையில் பை. சல்லடை பையை வாங்கி, "கொடுங்க, கனமா இருக்கும்," என்று மரியாதையாகத் துழாவிப் பார்த்தார். வண்டு இல்லை. பழம் இருந்தது. ஆனால் மாப்பிள்ளை, "செடியை ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துடறேன்," என்று நைட்டியை மாட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். நாலு நிமிஷம். செடி பார்ப்பதற்குக் கதவை ஏன் சாத்த வேண்டும்? வெளியே வந்தபோது அவர் சட்டைப்பை தட்டையாக இருந்தது. போகும்போது உப்பியிருந்ததோ என்று சல்லடைக்கு ஒரு சந்தேகம். உடனே உள்ளே போய் எல்லா இலையையும் திருப்பிப் பார்த்தார். கறுப்பாக, வண்டு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. சந்தேகத்தைத் தள்ளுபடி செய்யவில்லை, எடுத்து வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை. லென்ஸை வைத்துக் குரோட்டனைப் பார்த்தவர், லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

ஒரு பூச்சி. மற்றதைப் போலவே வெள்ளைதான். ஆனால் மற்றதைவிட இரண்டு மடங்கு பெரியது. உடம்பெல்லாம் மெழுகு முடி தொங்கியது, குளித்துவிட்டுத் தலை துவட்டாத ஆள் மாதிரி. மற்றவை உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்க, இது மட்டும் விறுவிறுவென்று நடந்தது.

கூட்டத்தில் ஒன்று மட்டும் வேறு மாதிரி.

"சிக்கிட்டியாடா!" என்றார் சல்லடை. இடுக்கி தானாகப் போய்க் கவ்வியது. "அடியே! இங்க வா! தலைவனைப் புடிச்சிட்டேன்!"

வீட்டுக்காரி கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். "அது என்ன, இவ்வளவு பெருசு?"

"தாய்ப்பூச்சி. இதுதான் குட்டி போடுது. இதைப் புடிச்சா போதும், கூட்டம் தானா கலைஞ்சிடும். நான் ஒரு வாரமா வேலைக்காரனைப் புடிச்சிக்கிட்டிருந்தேன். மொதலாளி இப்பத்தான் வெளிய வந்தான்."

அன்றைக்கு மட்டும் ஏழு முதலாளிகள் அகப்பட்டார்கள். செவ்வாயன்று ஆறு. சல்லடைக்கு வயசு பத்து குறைந்தது. கம்பெனியில் கழிவுத் தட்டை சாயங்காலம் மேஸ்திரியிடம் காட்டிக் கையெழுத்து வாங்கினால்தான் வேலை வேலையாகும். இங்கே மேஸ்திரி வீட்டுக்காரி. அதனால் ஒரு ஜாம் பாட்டிலில் பிடித்ததைப் போட்டு, வாயில் மெல்லிய துணி கட்டி வைத்தார். பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரிய வேண்டும் அல்லவா? கம்பெனியில் கோளாறான பட்டனுக்குப் பக்கத்தில் நல்ல பட்டனையும் வைத்துத்தான் காட்டுவார்கள். அதனால் சின்னப் பூச்சி நாற்பது ஒட்டியிருந்த ஒரு இலையையும் கிள்ளி உள்ளே போட்டார்.

புதன்கிழமை காலை பாட்டிலைப் பார்த்தார். பெரியது பதின்மூன்றும் இருந்தன. இலை இருந்தது. சின்னது ஒன்றுகூட இல்லை.

"ஏண்டி, பாட்டில்ல கை வெச்சியா?"

"அந்தக் கருமத்துல நான் ஏன் கை வெக்கறேன்?"

"நாப்பது பூச்சி காணல."

"காணலைன்னா நல்லதுதானே!"

"காணாமப் போறதுல நல்லது கெட்டது கிடையாது. எவனோ எடுத்திருக்கான்."

இன்னொரு இலை போட்டார். மறுநாள் அதுவும் காலி. சல்லடைக்குத் தூக்கம் போனது. பூச்சியை யார் திருடுவார்கள்? யோசித்தார். வீட்டுக்காரி திருடலாம்: தன் சோப்புத் தண்ணீர்தான் வேலை செய்தது என்று தங்கச்சியிடம் சொல்லிக்கொள்ள. மேல்மாடிக்காரி திருடலாம்: ஆதாரத்தை அழிக்க. பாட்டில் வாயில் கட்டிய துணியைச் சுற்றிப் பிளாஸ்திரி ஒட்டி, அதன்மேல் குறுக்கே கையெழுத்துப் போட்டார். கம்பெனி சீல். பாட்டிலைச் சோபாவுக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை சீல் அப்படியே இருந்தது. கையெழுத்து கலையவில்லை. உள்ளே போட்டிருந்த மூன்றாவது இலையும் துடைத்து வைத்தமாதிரி. பெரிய பூச்சிகள் மட்டும் கொழுகொழுவென்று, சாப்பிட்டுவிட்டுத் திண்டில் சாய்ந்த ஜமீன்தார்கள் போலக் கிடந்தன. இரண்டு மூன்று அசையாமல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தன.

"சீலை உடைக்காம எடுக்கறான்னா, இவன் பெரிய கைகாரன்," என்றார் சல்லடை. அவர் குரலில் கொஞ்சம் மரியாதைகூட இருந்தது.

இத்தனைக்கும் கட்டிலில் இருந்த செடிகள் தேறவில்லை. முதலாளிகளை இருபத்திரண்டு வரை பிடித்தாயிற்று. வேலைக்காரர்கள் பெருகிக்கொண்டே இருந்தார்கள். சனிக்கிழமை வந்துவிட்டது. திங்கள் ஒன்றாம் தேதி. வீட்டுக்காரி சமையல்கட்டைத் துடைத்து, ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு விரிப்பை அளந்து பார்த்தாள்.

அப்போதுதான் போன் வந்தது. மாப்பிள்ளை. கையில் ஈரம் என்று அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அத்தை, செடியெல்லாம் எப்படி? வெள்ளையா, கொஞ்சம் பெருசா, வேகமா நடக்கற மாதிரி ஏதாவது கண்ணுல பட்டுதா?"

"பட்டுதாவா? உங்க மாமா தினம் நாலஞ்சு புடிக்கறார்."

போனில் ஏதோ கீழே விழுந்த சத்தம்.

"மாப்பிள்ளை? லைன்ல இருக்கீங்களா?"

"புடிச்சு... என்ன செய்யறார் அத்தை?"

"பாட்டில்ல போட்டு சீல் வெச்சிருக்கார். கையெழுத்தெல்லாம் போட்டு."

"உசிரோடவா?"

"நல்லா ஜம்முனு இருக்கு."

"அத்தை, தொட வேண்டாம்னு சொல்லுங்க. இதோ வர்றேன்."

சோபாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சல்லடை மெல்லத் தலையாட்டினார். ஒரு வாரமாகச் செடிப் பக்கமே வராத ஆளுக்கு, பெரியது இருக்கிறது, வேகமாக நடக்கிறது என்பது எப்படித் தெரியும்? எடுத்து வைத்திருந்த சந்தேகத்தை இப்போது கையில் எடுத்தார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் வருகிறது. வரட்டும்.

முக்கால் மணி நேரத்தில் மாப்பிள்ளை வேலை செய்த கோலத்திலேயே வந்து நின்றார். தலை, புருவம், மீசை எல்லாம் பல் அச்சு எடுக்கிற வெள்ளை மாவு. சல்லடைக்கு ஒரு நொடி இடுக்கியைத் தேடிக் கை போயிற்று.

"உட்காருங்க மாப்பிள்ளை." பாட்டிலை மேசைமேல் 'ணங்' என்று வைத்தார். "இதுல இருந்த சின்னப் பூச்சி நூத்திச் சொச்சம். எங்க?"

"மாமா, நான் எதுக்கு மாமா பூச்சியைத் திருடப் போறேன்?"

"அதைத்தான் நானும் மூணு நாளா யோசிக்கறேன்." டக். "என்னைத் தோக்கடிக்கத்தானே?"

"சீல் உடையலையே மாமா."

"அதனாலதான் உங்க மேல சந்தேகம். பல்லையே ஈறு இல்லாம நிக்க வெக்கற ஆளு நீங்க."

மாப்பிள்ளைக்குப் பேசிப் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்துவிட்டது. நைட்டியை மாட்டிக்கொண்டு அறைக்குள் போய், பூச்சி ஒட்டிய இலை ஒன்றைக் கிள்ளி வந்தார். "மாமா, நீங்களே சீலை உடைங்க. நீங்களே இலையைப் போடுங்க. லென்ஸை வெச்சுப் பாருங்க. நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறேன்."

சல்லடை போட்டார். மூன்று தலையும் பாட்டிலைச் சுற்றிக் குனிந்தன.

பெரியதில் ஒன்று மீசை முடியை ஆட்டிக்கொண்டு நடந்து வந்தது. சின்னது ஒன்றின் பக்கத்தில் நின்றது. முகர்ந்தமாதிரி இருந்தது. அப்புறம் அப்படியே வாய் வைத்தது.

"ஐயய்யோ, சாப்புடுது!" என்று வீட்டுக்காரி பின்னால் துள்ளினாள்.

சல்லடை துள்ளவில்லை. லென்ஸை எடுக்கவும் இல்லை. சின்னது முழுக்க உள்ளே போகும்வரை பார்த்தார். இரண்டாவதையும் பார்த்தார். மூன்றாவதின்போது கேட்டார்:

"இது என்ன?"

"பொறிவண்டோட குஞ்சு மாமா. பார்க்க மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும். போன ஞாயித்துக்கிழமை நான்தான் கொண்டுவந்து விட்டேன்."

"நீங்க வண்டுன்னு சொன்னீங்க. குஞ்சைப் பத்திச் சொல்லவே இல்லையே."

"நீங்க சொல்ல விடலையே மாமா."

இந்த இடத்தில் மாமனார் வெடிப்பார் என்று மாப்பிள்ளை இரண்டடி பின்னால் நகர்ந்தார். ஆனால் வெடித்தது மாமியார். "காசு குடுத்துப் பூச்சி வாங்கினீங்களா? அதுவும் என் வீட்டுக்குள்ள? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம? பழப் பையிலயா வெச்சுக் கொண்டுவந்தீங்க? அந்தப் பழத்தை நாங்க சாப்பிட்டோமே!" மாப்பிள்ளை, "சட்டைப்பையில அத்தை, சட்டைப்பையில," என்று கெஞ்சினார். சல்லடைக்கு இது காதுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. ஆனால் நெஞ்சில் ஒன்று குடைந்தது.

இருபத்திரண்டு பேர் அவருடைய கட்டிலை மீட்டுக் கொடுக்க வந்திருந்தார்கள். ஒருத்தர் விடாமல் பொறுக்கி எடுத்துச் சிறையில் போட்டது அவர். நல்லதை எடுத்துவிட்டுக் கோளாறை விட்டு வைத்திருந்தார், ஒரு வாரமாக, கையெழுத்துப் போட்டு. முப்பத்தொரு வருஷத்தில் எத்தனை நல்ல பட்டன் இப்படிப் போயிற்றோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஒரு நிமிஷம்தான். பட்டன் ஒன்றையொன்று தின்னாது என்று சமாதானம் செய்துகொண்டார்.

"சரி," என்றார். "இதுங்களைத் திரும்ப விட்டா எத்தனை நாள் ஆகும்?"

"ரெண்டு வாரம் மாமா. ரெண்டு மூணு வண்டாவே மாறப் போகுது, பாருங்க, கண்ணாடியில ஒட்டிக்கிட்டிருக்கே. ஆனா கதவு மூடியே இருக்கணும். ஜன்னலுக்கு வலை கட்டணும். மருந்து அடிக்கக்கூடாது. ஃபேன் போடக்கூடாது, வண்டு சின்னது, அடிச்சிக்கிட்டுப் போயிடும்."

"ரெண்டு வாரம்," என்றாள் வீட்டுக்காரி. "நாளன்னிக்கு என் தங்கச்சி வர்றா." அவள் கண் சமையல்கட்டுப் பக்கம் போனது. அங்கே ஃப்ரிட்ஜ் சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு குலுக்குக் குலுக்கியது.

சல்லடை எழுந்தார். "என் ரூம்ல இருபத்திரெண்டு பேர் இருக்கலாம். இருபத்திமூணாவது ஆள் நான் இருக்கக்கூடாதா?"

"கட்டில் பூரா தொட்டி."

"பாதிக் கட்டில் போதும். அஞ்சு தொட்டியைத் தரையில எறக்கு."

"உள்ள போய் வந்து பூச்சியை ஹாலுக்குக் கொண்டாருவீங்க."

"நான் ஏன் வர்றேன்? சாப்பாட்டை வாசல்ல வை."

"அப்புறம்... மத்தது?"

சல்லடை யோசித்தார். "அதுக்கு மட்டும் நைட்டியைக் கழட்டி மாட்டிட்டு வர்றேன்."

"ஃபேன் கிடையாது, வெந்துடுவீங்க."

"வேகறேன். என் கட்டில்ல வேகறேன். அதோட இதுங்களைத் தனியா விட முடியாது. வேலை செய்யுதா, சும்மா ஒக்காந்து திங்குதான்னு ஒரு ஆள் பாக்கணும்."

"திங்கறதுதான் மாமா வேலையே," என்றார் மாப்பிள்ளை.

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை ஜன்னலுக்கு வலை கட்டினார். சல்லடை இருபத்திரண்டையும் இடுக்கியால் நோகாமல் எடுத்து, தொட்டிக்கு இரண்டாக, பங்கு வைத்து விட்டார். குரோட்டனுக்கு மட்டும் நாலாக விடலாமே என்று மாப்பிள்ளை கணக்குச் சொல்லவர, "கையை வெக்காதீங்க, எனக்குத் தெரியும்," என்றார். மெத்தையைப் பாதியாக மடித்துப் போட்டுக்கொண்டு, சோபாவைக் காலி செய்தார்.

திங்கட்கிழமை மத்தியானம். வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே கதவு சாத்தி, ஜன்னல் வலைக்குள், ஃபேன் இல்லாமல், சல்லடை பாதிக் கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தார். நைட்டி முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பல் செட்டைக் கழற்றி ஜன்னல் மேடையில் டம்ளரில் போட்டிருந்தார். மூக்குக்கு நேரே ரப்பர் செடியின் இலை. அதில் நேற்று முளைத்த புது வண்டு, கடுகு பருமனில், கறுப்பு முதுகும் செம்மண் நிறத் தலையுமாக. அது ஒரு பூச்சியை முடித்து இரண்டாவதற்குப் போவதை லென்ஸில் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு சுகமாக அவர் மூன்று வாரமாகப் படுத்ததில்லை.

ஹாலில் பெட்டி வைக்கிற சத்தம். கொழுந்தியாளின் குரல். அவள் நல்லவள். அதுதான் அவளிடம் உள்ள தொந்தரவு. கேட்காமலே உதவி செய்வாள்.

"அக்கா, அத்தான் எங்க?"

"உள்ள படுத்திருக்கார். எழுப்பாத. நான் உனக்குக் குடிக்கத் தண்ணி எடுத்துட்டு வர்றேன்."

"கதவையும் சாத்திக்கிட்டு, அடடா, இந்தப் புழுக்கத்துல ஃபேன் கூடப் போடாம! சுவிட்சு வெளிய இருக்கு, போட மறந்துட்டீங்களா?"

சல்லடை, "போடாதே!" என்று கத்தினார். பல் இல்லாத வாயில் அது "போதாதே!" என்று வெளியே வந்தது.

"போதாதா? இருங்க அத்தான், முழுசா வெக்கறேன்."

தலைக்கு மேலே ஃபேன் கிரீச்சிட்டுக் கிளம்பியது. வண்டு இலையின் ஓரத்துக்குச் சறுக்கியது. சல்லடை அறுபத்தாறு வயசு உடம்பை ஒரே எம்பில் எழுப்பினார். நைட்டியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, கட்டில் மேலேயே முட்டி போட்டு, ஆறு தொட்டிக்கும் கூரையாகக் கவிழ்ந்தார். காற்று நைட்டிக்குள் புகுந்து, பின்னால் பாய்மரம் மாதிரி உப்பியது. "நித்து! நித்து!" என்று அலறினார்.

அலறல் கேட்டுக் கொழுந்தியாள் கதவைத் திறந்தாள்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அத்தானைப் பார்க்கிறாள். அத்தான் பெரிய பெரிய மஞ்சள் பூவுக்குள், பொக்கை வாயோடு, கையை விரித்துச் செடிகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "கதவ மூது! பறந்துதும்!" என்றார்.

அவள் கதவை மெதுவாக மூடினாள். சுவிட்சை அணைத்தாள். தண்ணீரோடு வந்த அக்காவின் கையைப் பிடித்துச் சோபாவில் உட்கார வைத்தாள்.

"எவ்வளவு நாளா அக்கா இப்படி?"

"மூணு வாரமா. மொதல்ல பூச்சியைப் புடிச்சு பாட்டில்ல போட்டுக் கையெழுத்துப் போட்டார். இப்பக் காவல் காக்கறார்."

கொழுந்தியாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "நீ இத்தனை கஷ்டத்துல இருக்கறப்ப நான் வேற ஒரு பாரமா எதுக்கு?" என்று பெட்டியை இழுத்து, அன்றைக்குச் சாயங்கால வண்டிக்கே கிளம்பிவிட்டாள். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அக்காவின் கையில் ஒரு டாக்டரின் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் படி இறங்கினாள்.

வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டினாள். பல்லைப் போட்டுக்கொள்கிற சத்தம் உள்ளே கேட்டது.

"என்னங்க, அவ போயிட்டா. சோபா காலி. வந்து ஃபேன்ல படுங்க."

"வேண்டாம்."

"வேர்த்துக் கொட்டுமே."

"கொட்டட்டும். இதை விட்டு வந்தா அடுத்து யாரை ஏத்துவியோ. எனக்கு உன்னையும் தெரியும், மேல்மாடிக்காரியையும் தெரியும்."

"வண்டெல்லாம் பத்திரமா?"

"எண்ணிட்டேன். ஒண்ணு குறைஞ்சுது. நைட்டிக்குள்ள இருந்துது, எடுத்து விட்டுட்டேன்."

"பூச்சி குறைஞ்சிருக்கா?"

இலைகளைத் திருப்புகிற சத்தம் உள்ளே கேட்டது. கட்டில் முனகியது.

"குறைஞ்சிருக்கு. நல்லாத்தான் திங்குது. ஆனா ரப்பர் செடியில ஒருத்தன் மத்தியானத்துலேர்ந்து சும்மா உட்கார்ந்திருக்கான். அவன் மேல ஒரு கண்ணு வெச்சிருக்கேன்."